மஞ்சள் விளக்கும் முனிராஜின் இடது கணுக்காலும்

தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிகளுக்கு நடுவே, ஊசியில் நூல் கோப்பதுபோலப் பஸ்ஸை நுழைத்து எடுத்தவர் முனிராஜ். அப்பேர்ப்பட்டவர் மாரண்டஹள்ளி மண்டி வாசலில் ஓர் அழுகல் தக்காளியை மிதித்து விழுந்தார். இந்த வாரம்தான் புதிதாகக் கதை கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக அந்தத் தக்காளியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. முனிராஜ் சொல்லச் சொல்ல வளர்ந்து, இப்போது பூசணிக்காயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

விழுந்ததில் எலும்பு தப்பியது. இடது கணுக்காலில் ஜவ்வு கிழிந்தது. வேறு யாருக்காவது இடது கால் என்றால் பாதி நிம்மதி. டிரைவருக்கு அது கிளட்ச் கால்.

அவர் ஓட்டும் 'தங்கமயில்' பஸ் மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வழியாகத் தர்மபுரி போகும். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அந்த மாதிரி டிரைவர் சீட்டுக்கும் ஒரு துண்டு போட்டு வைத்தது குடும்பம். அந்தத் துண்டின் பெயர் மாதவராஜ். முனிராஜின் மச்சினன். ஒசூர்க் கம்பெனியில் வேன் ஓட்டுகிற பையன், அக்கா கண்ணம்மாள் அழுதாள் என்பதற்காக லீவு போட்டுவிட்டு வந்து தங்கமயிலை ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையோடு லீவு முடிகிறது.

"வெள்ளிக்கிழமை வந்து வண்டிய ஓட்டிக் காட்டுங்கண்ணா. முடிஞ்சா உங்க சீட்டு உங்களுக்கு. முடியலன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன்" என்று முதலாளி கலைவாணன் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பஸ் இருந்தால் ஓட வேண்டும்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

முனிராஜ் கண் விழித்தார். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். மறுபடி போர்வையால் மூடிவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பவும் காலைப் பார்த்தார். கால் அப்படியேதான் இருந்தது. வெளிக் கணுவின் கீழே, பேக்கரியில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன் மாதிரி உப்பிப் பளபளத்தது.

நேற்று மத்தியானம் வரை அது நல்ல கால்.

ஓசைப்படாமல் பீரோவைத் திறந்து, ஒரு கறுப்பு சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். பங்குனி மாத வெயில், விடியும்போதே ஓட்டுக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது.

நடந்தது என்னவென்றால், பாலக்கோட்டில் பிசியோதெரபி பார்க்கும் ஜாஸ்மின் கெட்டிக்காரப் பெண். ஆளுக்குத் தகுந்தபடி பேசுவாள். முதல் நாளே சொன்னாள்: "அங்கிள், உங்களுக்கு டிரைவர் பாஷையிலயே சொல்றேன். எக்சர்சைஸ் பண்ணும்போது வலி இல்லன்னா பச்சை விளக்கு, போலாம். லேசா வலிச்சா மஞ்சள். கடுக்குன்னு குத்தினாலோ, மறுநாள் காலையில வீங்கினாலோ சிவப்பு. அவ்வளவுதான்."

நல்ல யோசனைதான். ஆனால் பாவம், தனியார் பஸ் டிரைவர் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் என்ன செய்வார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். சிவப்பு விழுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று ஆக்சிலேட்டரை மிதிப்பார்.

முனிராஜும் அதையேதான் செய்தார். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சியில் லேசாக வலித்ததா, இன்னும் இழுத்தார். கட்டை விரலால் காற்றில் ஏ, பி, சி, டி எழுதச் சொன்னாள் ஜாஸ்மின். எழுத்து என்றால் சரஸ்வதி, காலால் எழுதினால் வூடு விளங்காது என்று கண்ணம்மாள் தடுத்துவிட்டாள். சரி அங்கிள், உங்க பஸ் ரூட்டையே விரலால வரைங்க என்றாள் ஜாஸ்மின். முனிராஜ் வரைந்தார். மெதுவாக வரையத்தான் சொன்னாள். இவரோ வளைவுக்கு வளைவு எதிரி பஸ்ஸை ஓவர்டேக் செய்துகொண்டே தர்மபுரி போய்ச் சேர்ந்தார். அப்படியும் கால் பொறுத்துக்கொண்டது.

பொறுக்க முடியாத காரியம் நேற்று மத்தியானம் நடந்தது. அதை விசாரிக்கத்தான் இப்போது செல்லி வந்து வாசலில் நின்றாள்.

"யக்கோவ்! இது ஜாக்கெட்டா, தலகாணி உறையா?"

செல்லி அடுத்த தெருக்காரி. அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, இன்றைக்கே. அவள் தூக்கிக் காட்டிய பச்சை ஜாக்கெட்டில் ஒரு கை முழுசாகத் தைத்து அடைபட்டிருந்தது. முதுகில் குறுக்கும் நெடுக்கும் தையல்கள் ஓடின. சேலம் ஜங்ஷனில்கூட அத்தனை தண்டவாளம் கிடையாது.

கண்ணம்மாள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இந்த ஊர் முழுக்கத் தைத்துக் கொடுக்கிறவள் அவள். "என் மிஷின்ல ஓட்டுனதுதான். ஆனா நான் ஓட்டலயே! நேத்து மிஷின்ல வெச்சுட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வந்து பாக்காம மடிச்சு உன் பையில போட்டேன்."

"அப்ப பேய் தச்சுதா?"

இருவரும் ஒரே நேரத்தில் முனிராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வூட்டுக்குள்ள என்னாத்துக்கு சாக்ஸ்?"

"குளுருது."

"பங்குனியிலயா?"

இனி மறைக்க வழியில்லை. "அது ஒண்ணும் இல்ல கண்ணு. மிஷின் பெடல் பாத்தா கிளட்ச் மாதிரியே இருந்துச்சு. சும்மா வெச்சுப் பாத்தேன். அப்பறம் பாலக்கோடு வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னு..."

"என் ஜாக்கெட் மேலயா மாமா பாலக்கோட்டுக்குப் போனீங்க?" என்றாள் செல்லி. "கைய ஏன் அடச்சீங்க? அங்க ரயில்வே கேட்டா?"

கண்ணம்மாள் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து சாக்ஸை உருவினாள். பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. செல்போனை எடுத்து ஜாஸ்மினுக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"காலைக் கிட்ட காட்டுங்க ஆன்ட்டி" என்றது போனுக்குள் ஜாஸ்மின் முகம். பார்த்தது. பெருமூச்சு விட்டது. "அங்கிள், செவுத்தப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒத்தக் கால்ல மட்டும் நில்லுங்க. வலிச்சா உடனே மறு காலை ஊனிடுங்க."

முனிராஜ் நின்றார். செவுத்தை அவர் பிடித்திருந்தாரா, செவுறு அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்வது கஷ்டம். கணுக்கால் காற்றில் அகல் திரி மாதிரி ஆடியது. மறு காலை ஊன்றிவிட்டார்.

"சிவப்பு அங்கிள். ரெண்டு நாளைக்குக் காலைத் தலகாணி மேல தூக்கி வைங்க. துணி சுத்தி ஐஸ் வைங்க. வீக்கம் வத்தினதும் துண்டு இழுக்கறதுல இருந்து மறுபடி ஆரம்பிப்போம். அப்பறம் ரப்பர் பட்டை. அப்பறம் செவுத்தப் பிடிச்சுக் குதிகால் தூக்கறது. ஒண்ணு பண்ணி மறுநாள் காலையில வீங்கலன்னாதான் அடுத்தது."

"வண்டி?"

"ஒத்தக் கால்ல ஆடாம நிக்கற வரைக்கும் வண்டி வேணாம்."

"நான் என்ன நின்னுக்கிட்டா ஓட்டறேன்? உக்காந்துதானேம்மா ஓட்டறேன்!"

"அமுக்கறது சுலபம் அங்கிள். மேட்டுல வண்டியப் பாதி கிளட்ச்ல பிடிச்சு நிறுத்துவீங்களே, அதுக்கு இந்தக் கால் நடுங்காம நிக்கணும். நீங்களே சொல்லுங்க, நிக்குமா?"

முனிராஜ் போனை வாங்கி அணைத்தார். "இன்னைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் ஓட்டிக் காட்டிட்டா சீட்டு நம்மளுது. அப்பறம் வேணா மாசக்கணக்குல ஐஸ் மேலயே உக்காந்துக்கறேன்."

கண்ணம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தினால் காரிமங்கலம் சந்தையில் மாடு மிரளும், ஆனால் அது நல்ல அறிகுறி. கத்தி முடித்ததும் காபி வரும். இன்று அவள் கத்தவில்லை. செல்லியின் ஜாக்கெட்டை மடியில் வைத்துத் தையல் பிரித்துக்கொண்டே, "போயிட்டு வாங்க" என்றாள்.

முனிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சாதாரணமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

மண்டிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் தங்கமயில் நின்றது. கலைவாணன் போனில் யாரிடமோ டீசல் பற்றிப் பேசிக்கொண்டே கையசைத்தான். மாதவராஜ் கீழே இறங்கி, "வாங்க மாமா" என்று கதவைப் பிடித்தான். முனிராஜ் வலது காலை முதலில் வைத்து ஏறினார். எப்போதும் இடது காலைத்தான் வைப்பார். மச்சினன் அதைப் பார்த்துவிட்டான்.

"மாமா, கால்..."

"காலுக்கென்ன? ஹாரன மாத்திட்டியாடா? என் ஹாரன் எங்க?"

"அது தொண்ட கட்டிப் போச்சுங்க மாமா."

சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோயிற்று. ஸ்டியரிங்கின் தேய்ந்த இடம் அவர் உள்ளங்கைக்கென்றே தேய்ந்தது. சாவியைத் திருப்பினார். என்ஜின் எழுந்த அதிர்வு உடம்பெல்லாம் ஏறியது. இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று தோன்றியது. இனிமேலும் இல்லாமல் போனால்? அந்த நினைப்பு வந்ததும் கிளட்ச்சை மிதித்தார்.

வலித்தது. மஞ்சள்.

முன்னால் போனார். வளைத்தார். இரண்டு வேன்களுக்கு நடுவே ரிவர்ஸில் விட்டார், இருபக்கமும் கட்டெறும்பு போக மட்டும் இடம் விட்டு. கலைவாணன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ஒவ்வொரு கியருக்கும் கணுக்காலில் யாரோ ஆணியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். சட்டை முதுகோடு ஒட்டியது.

"மேட்டுல நிறுத்தி எடுங்கண்ணா, போதும்" என்று கலைவாணன் குரல் கொடுத்தான்.

மைதானத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் சின்ன மேடு. தர்மபுரி மாவட்டத்தில் இதைவிடச் சாதுவான மேடு கிடையாது, ஆட்டுக்குட்டிகூட மதிக்காது. பாதியில் நிறுத்தினார். கியர் போட்டார். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பாதியில் பிடித்து, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தார்.

இடது கால் நடுங்கியது.

அவர் பிடி என்றார். அது பிடிக்கவில்லை. பெடல் அவர் பாதத்தின் கீழ் தாளம் போட்டது. என்ஜின் ஒருமுறை உதறி அணைந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் அடுக்கிய தக்காளிப் பெட்டிகள், அவற்றுக்கு முன்னால் குனிந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், அவள் முதுகு. அந்த முதுகு கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கையும் காலும் தானாக வேலை செய்தன. வலது கால் பிரேக்கில் இறங்கியது, கை ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

கலைவாணன் அந்த நேரம் பார்த்து முதுகைக் காட்டிப் போனில், "டீசல் எப்ப வரும்?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் திரும்பியபோது முனிராஜ் ஹேண்ட்பிரேக்கை வைத்தே வண்டியைத் தந்திரமாக எடுத்து மேட்டின் மேலே நிறுத்தியிருந்தார்.

"சூப்பர்ணா! சொன்னேன்ல, உங்களுக்கு யாரு டெஸ்ட் வெக்கறது? அடுத்த டிரிப்பை நீங்களே எடுத்துடுங்க."

படியில் தொங்கிக்கொண்டிருந்த மாதவராஜ் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அவன் வாய் திறந்தது. மூடியது.

பஸ் நிலையத்தில் ஜனம் ஏறியது. கோழியோடு ஒரு ஆள். பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகும் நிறைமாதக்காரி, அவளுக்கு இடம் கேட்டுச் சண்டை போடும் அவள் மாமியார். "டிரைவர்ணா வந்துட்டாருடி!" என்று கல்லூரிப் பெண்கள் கூட்டம். யாரோ முனிராஜுக்கு வணக்கம் வைத்தார்கள். இன்னொருவர் வாழைப்பழம் கொடுத்தார். நாட்டுக்கு ராஜாவாக முடிசூட்டினாலும் இவ்வளவு மரியாதை கிடைக்காது. அவர் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கிருந்து தர்மபுரி வரை எத்தனை இடத்தில் பாதி கிளட்ச் பிடிக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். பாலக்கோடு பஸ் நிலையத்துக்குத் திரும்பும் இடத்திலேயே எண்ணிக்கை குழம்பிவிட்டது.

கண்டக்டர் சவுரியப்பன் விசிலை வாயில் வைத்தார். அப்போது முன்படியில் ஒருத்தி ஏறினாள். நல்ல சேலை, கையில் ஒரு கூடை. நேராக வந்து என்ஜினுக்குப் பக்கத்து சீட்டில், டிரைவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"கண்ணு, நீ எங்க போற?"

"தர்மபுரிக்கு."

"அங்க என்ன?"

"ஒண்ணும் இல்ல. நீங்க ஓட்டறீங்கல்ல? வூட்ல உக்காந்து பயப்படறதுக்கு இங்கயே உக்காந்து பயந்துக்கறேன். என்ன ஆச்சோன்னு போன் போட்டுக் கேக்கற வேலையாவது மிச்சம்."

"எறங்கு கண்ணு. சொன்னாக் கேளு."

"ஏன் எறங்கணும்? வண்டில ஏறுனவங்க எல்லாம் எறங்கினாங்களா? அந்தப் புள்ளத்தாச்சி எறங்கினாளா? அவளுக்கு உங்க காலப் பத்தித் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவ ஒருத்தியாவது கூட வரணும்ல?"

அவள் குரல் உயரவில்லை. கூடையை மடியில் வைத்து, கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விசில் அடித்தது. "ரைட்!"

முனிராஜ் கிளட்ச்சில் காலை வைத்தார். கம்பியைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்தார். மேட்டில் கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டே வந்த அந்த முதுகு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

சாவியை அணைத்தார்.

"என்னாச்சுங்கண்ணா?" சவுரியப்பன் எட்டிப் பார்த்தார். கலைவாணன் டீக்கடையிலிருந்து டம்ளரோடு வந்தான்.

"தம்பி, கால் இன்னும் சரியாகல."

"இப்பதானே ஓட்டிக் காட்டினீங்க?"

"மேட்டுல வண்டி பின்னால போச்சு. நீ போன்ல இருந்த. பார்க்கல."

கலைவாணன் மாதவராஜைப் பார்த்தான். மாதவராஜ் பதறி, "மாமா, நான் ஒண்ணும் சொல்லலீங்களே!" என்றான்.

"நீ சொல்லலன்னுதான்டா நான் சொல்றேன்." முனிராஜ் சீட்டை விட்டு எழுந்தார். எழுந்தபோது கால் பளீரென்று இழுத்தது, இந்தத் தடவை அதை மறைக்கவில்லை. "வா, உக்காரு. புள்ளத்தாச்சி இருக்கா, பள்ளத்துல மெதுவா எறக்கு."

"எப்ப சரியாகும்ணா?" கலைவாணன் குரலில் கோபம் இல்லை. அதுதான் முனிராஜுக்குப் பயமாக இருந்தது.

"கால் சொல்லும் தம்பி."

"உங்க காலுக்கு நான் போன் போட்டுக் கேக்க முடியுமாண்ணா? திங்கக்கிழமை மொத டிரிப்பு யாரு எடுக்கறதுன்னு எனக்குத் தெரியணும்."

முனிராஜ் குனிந்து காலைப் பார்த்தார். "கம்பெனில லீவு கேட்டுப் பாக்கறேன் மாமா" என்று மாதவராஜ் மெதுவாகச் சொன்னான். "வேணாம்டா. ரெண்டு பேரும் வேலையில்லாம ஒரே வூட்ல உக்காந்தா உங்கக்கா ரெண்டு பேரையும் ஊசியில கோத்துடுவா" என்றார் முனிராஜ். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கண்ணம்மாள் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியே டீக்கடை தெரிந்தது. காக்கிச் சட்டை போட்ட, இதுவரை அவர் பார்த்தேயிராத ஓர் ஆள் பெஞ்சிலிருந்து எழுந்து கலைவாணனிடம் வந்தான். கலைவாணன் போகும் பஸ்ஸைக் காட்டி ஏதோ சொன்னான். அந்த ஆள் தலையாட்டிக்கொண்டே, தங்கமயிலை முன்னாலிருந்து பின்னால் வரை, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிதானமாகப் பார்த்தான்.

"யாருங்க அது?" என்றாள் கண்ணம்மாள்.

"தெரியல."

ஊர் தாண்டியதும் மாதவராஜ் கியர் மாற்றினான். முனிராஜின் இடது கால் தன்னையறியாமல் பஸ்ஸின் தரையை அழுத்தியது. வலி சுள்ளென்றது. அடுத்த கியருக்கும் அழுத்தியது. அவர் அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பாலக்கோடு ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அந்தக் காலுக்கு மனப்பாடம்.

கண்ணம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வெறுங்காலை அவர் பாதத்தின் மேல், வீக்கத்தில் படாமல், எடையே இல்லாமல் வைத்தாள்.

"சும்மா இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த கியருக்கு அவர் கால் அசைய முயன்றது. அவள் தன் காலை எடுக்கவில்லை.